பாடகர்கள் புறப்பட்டுப் போன ஊரில்: மதுரைப் பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, மேலமாசி வீதி

அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கையில் வயலின். இசையையே படிப்பாக எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எங்கே, யாரிடம் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. அரசு இசைக் கல்லூரி என்கிறார் அவள் அப்பா. பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்கிறாள் என் அக்கா. நல்ல வாத்தியார் ஒருவர் வீட்டில் கிடந்து படித்தால் போதும் என்கிறார் தாத்தா. அவர் எதையும் அப்படிப் படித்தவரில்லை என்பது வேறு கதை. நான் சேலத்தில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். ஆகவே பெண்ணை அழைத்துக்கொண்டு போய் நேரில் பார்த்துவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆரப்பாளையத்தில் இறங்கி, அறையில் பையைப் போட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அனுமந்தராயன் கோயில் தெருவுக்கு நடந்தோம். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் பிறந்த தெரு. வீட்டு முகப்பில் வீணை உருவம் இருப்பதால் விசாரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம். அது வெறும் அலங்காரமில்லை. அம்மா சண்முகவடிவு வீணை வாசித்தவர். பாட்டி அக்கம்மாள் வயலின். எம்.எஸ். என்ற பெயரில் முதல் எழுத்து ஊர், இரண்டாவது எழுத்து அம்மா. பத்து வயதில் இசைத்தட்டு வெளிவரும் அளவுக்கு அந்தக் குழந்தையைத் தயார் செய்தது இந்தக் குறுகலான தெருவில் ஒரு பெண் நடத்திய பாடம். அந்தப் பாடத்துக்குப் பாடத்திட்டமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. எம்.எஸ். இருபது வயதில் சென்னைக்குப் போய்விட்டார். அம்மா இங்கேயே இருந்தார்.

“பாடகர் மதுரை மணி ஐயர் வீடு எங்கே சித்தி?” என்று அக்கா மகள் கேட்டாள். அது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் படித்த இடத்தைப் பற்றி நடந்துகொண்டே சொன்னேன். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 1920இல் இந்த ஊரில் தியாகராஜர் பெயரில் ஒரு சங்கீத வித்யாலயம் தொடங்கினார். மணி ஐயருக்கு முதல் குரு ராஜம் பாகவதர், எட்டயபுரம் ராமச்சந்திர பாகவதரின் சிஷ்யர். அவரிடம் தொடங்கிவிட்டு, வித்யாலயத்தில் முதலில் சேர்ந்த மாணவர்களில் ஒருவரானார் 1912இல் பிறந்த மணி ஐயர். சிஷ்யர் பெயரை இன்றைக்கும் ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். ராஜம் பாகவதரை யாருக்குத் தெரிகிறது?

முத்தையா பாகவதர் பிறகு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் முதல்வரானார், 1939இல். 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. மதுரையில் அவர் ஏற்றிய அடுப்பில் பிற்பாடு யார் யாரோ சமைத்தார்கள். அவருடைய சிஷ்யர் ராமநாதபுரம் சங்கரசிவம். சங்கரசிவத்தின் சிஷ்யர் மதுரை டி.என். சேஷகோபாலன். சேஷகோபாலன் பிறந்தது நாகப்பட்டினத்தில். மதுரை சோமு பிறந்தது சுவாமிமலையில். எங்கே பிறந்தவரானாலும் பாடத் தெரிந்தால் தன் பெயரைக் கொடுத்து அனுப்பிவிடும் ஊர் இது. பெயரை வாங்கிக்கொண்டவர்களில் பலர் சென்னைக்கு வண்டி ஏறினார்கள். பெயர் கிடைக்காதவர்கள் இங்கேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பயணத்தில் நான் தேடி வந்திருப்பது அவர்களைத்தான்.

இரவு நடை சாத்துவதற்குள் மீனாட்சியம்மன் கோயில். வடக்கு ஆடி வீதியில் மொட்டைக் கோபுரத்துக்கு அருகே ஐந்து இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கியது. 22 சிறு தூண்கள் கொத்தாக நிற்கும். சுருதிகளும் 22 என்பதால், வேண்டுமென்றே செய்த கணக்கு இது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அத்தனை உறுதியில்லை. தட்டிப் பார்க்க அவள் கை பரபரத்தது, நான் விடவில்லை. ஆளாளுக்குத் தட்டினால் கல் என்ன செய்யும்?

கோயிலை விட்டு வரும்போது திருவிளையாடல் புராணத்தின் விறகு விற்ற படலத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏமநாதன் என்ற வடபுலத்துப் பாடகன் பாண்டியன் சபையில் சவால் விடுகிறான். எதிர்த்துப் பாட வேண்டிய பாணபத்திரர் கலங்கி நிற்கிறார். சோமசுந்தரர் விறகுக்காரனாக வந்து, ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு சாதாரிப் பண்ணைப் பாடுகிறார். யாரப்பா நீ என்று கேட்டால், பாணபத்திரரிடம் படிக்கப் போனேன், இவன் லாயக்கில்லை என்று அவர் தள்ளிவிட்டார் என்கிறார். தள்ளிவிடப்பட்டவனே இப்படிப் பாடினால் ஆசிரியர் எப்படிப் பாடுவாரோ என்று ஏமநாதன் இரவோடு இரவாக ஓடிவிடுகிறான். எத்தனையோ முறை கேட்ட கதைதான். ஆனால் மதுரையில் சாமியே வந்து பாடும்போதும், மேடை ஏறி ஜெயிக்காமல், தோற்றுப்போன மாணவனாக வேஷம் போட்டு வாத்தியார் பெயரைக் காப்பாற்றிவிட்டுப் போகிறது பாருங்கள்.

வெள்ளி, பசுமலை – திருநகர்

தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி பசுமலையில் இருக்கிறது, திருப்பரங்குன்றம் போகும் சாலையில். 2013இல் தமிழ்நாட்டுக்கென்று தனி இசைப் பல்கலைக்கழகம் வந்தது. அரசு இசைக் கல்லூரிகள் இப்போது அதன் கீழ். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் ஆளுநர் இல்லை, முதலமைச்சர். சேர்க்கைக் காலமாதலால் வாசலில் கூட்டம். ஒரு பையன் தவிலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். அவன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாதிச் சான்றிதழின் நகல் எத்தனை வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். விவரங்களை வாங்கிக்கொண்டோம். விண்ணப்பத்தைத் திங்களன்று கொடுக்கலாம்.

அங்கிருந்து திருநகர். என்னுடன் படித்தவளின் அப்பா அங்கே இருக்கிறார். தவில்காரர். அரசு இசைப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மாவட்டங்களில் நடக்கும் அந்த இசைப் பள்ளிகளைப் பற்றி வெளியில் அதிகம் பேசுவதில்லை. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருடப் படிப்பு. கட்டணம் அற்பம். பாட்டு வகுப்புக்குக் காரில் போய் இறங்கும் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வருவதில்லை என்பதால் பத்திரிகைகளின் கண்ணில் அது படுவதில்லை என்று நினைக்கிறேன்.

“வா தாயி. பாப்பாவா? உட்காருங்கள். வெயிலில் ஏன் நின்றீர்கள்?” என்றார். அவருடைய இரண்டாவது மகள் நீர்மோர் கொண்டுவந்தார். அவர் வயலின் ஆசிரியை. அதுதான் இங்கே வந்ததற்கு இன்னொரு காரணம்.

ஐயாவின் வலது கை விரல்களைத்தான் முதலில் பார்த்தேன். கூடு மாட்டி மாட்டி விரல் நுனிகள் தடித்துப்போயிருந்தன. துணி நாடாவைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்யும் அந்தக் கூடுகளை ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். வலந்தலை என்ற வலப்பக்கத்துக்குக் கூடு மாட்டிய விரல்கள், தொப்பி என்ற இடப்பக்கத்துக்குப் பூவரசங் கழி. அவர் சிறுவனாகக் குருவின் வீட்டில் இருந்தபோது பல மாதங்கள் தவிலைத் தொடவிடவில்லையாம். பலகைதான். பலகையில் சொற்கட்டைத் தட்டுவது, வாயால் சொல்வது, குருவின் தவிலைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போவது, விடிய விடியக் கேட்பது.

“பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எழுந்து போய்விடுவார்களே ஐயா, அது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?” என்று கேட்டேன்.

“மணி அடிப்பதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை தாயி. என் குருவுக்கு மணி கிடையாது. அதனால் கோபம் வந்தால் மூன்று நாள் பாடமும் கிடையாது. இங்கே எனக்குக் கோபம் வந்தாலும் பத்து மணிக்கு வகுப்பு உண்டு. பையனுக்கு அது லாபம்தானே?”

பழைய முறையைப் புகழ்ந்து பேசுவார் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அவர் வீட்டில் ஏமாற்றம்தான். குருகுலத்தில் குருவின் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதையும் அடி வாங்கியதையும் அவர் சிரிக்காமல்தான் சொன்னார். யார் வீட்டுப் பையனைக் குரு சேர்த்துக்கொள்வார், யாரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்பதையும் சொன்னார். பள்ளிக்கூடம் வந்த பிறகு யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம். அந்த ஒன்றுக்காகவே மணி அடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. முகூர்த்த நாளில் நாதசுர வகுப்பிலும் தவில் வகுப்பிலும் ஆளே இருக்காதாம். வைகாசியிலும் ஆவணியிலும் பையன்கள் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். போனால்தான் அடுத்த மாதம் வீட்டில் அரிசி. வருகைப் பதிவேடு அதை ஒத்துக்கொள்ளாது. இவர் என்ன செய்தார்? மறுநாள் வந்த பையனை உட்காரவைத்து, நேற்று மாப்பிள்ளை அழைப்பில் நாயனக்காரர் என்ன ராகம் வாசித்தார், நீ அதற்கு எப்படி வாசித்தாய், வாசித்துக் காட்டு என்பாராம். கல்யாண வீட்டையே பாடமாக்கிவிடுவது. பதிவேட்டில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

மதுரை நாயனத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பை நேரில் கேட்டவர் அவர். 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாளில் ஒலிப்பது அந்த இருவரின் நாதசுரம்தான். “திரையில் இருந்த நடிகருக்குக் கன்னம் உப்புகிற அழகு வந்துவிட்டது. ஆனால் ஊதினது மதுரை மூச்சு” என்றார்.

பிறகு மகள் வயலினை எடுத்தார். அக்கா மகளை வாசிக்கச் சொன்னார். மோகன ராகத்தில் ஒரு வர்ணம். நன்றாகத்தான் வாசித்தாள். ஆசிரியை எதுவும் சொல்லாமல், முதல் வரியை மட்டும், பாதி வேகத்தில், வில்லை நீளமாக இழுத்துத் தானே வாசித்துக் காட்டினார். பெண் திரும்ப வாசித்தாள். அவர் மறுபடி வாசித்தார். இருபது நிமிடம் இப்படியே போனது. ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் காந்தார சுரம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்ததும் தலையை மட்டும் ஆட்டினார். வகுப்பில் நான் பேசும் பேச்சில் முக்கால் பங்கைக் குறைத்துவிடலாம் என்று தோன்றியது.

மாலையில் திரும்பும் வழியில் தல்லாகுளம் பக்கம் போனோம். டாக்டர் எஸ். ராமநாதனை நினைத்துக்கொண்டுதான் போனேன். 1917இல் பிறந்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அங்கேயே டாக்டர் பட்டமும் பெற்றார். மதுரையில் சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராகவும் இருந்தார். பாடகர், வீணைக்காரர், ஆராய்ச்சியாளர், ஆசிரியர். இந்த நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் பெரிய பெயர் வந்திருக்கும். நம்மூரில் நாலும் தெரிந்தவரை எந்த அலமாரியில் வைப்பது என்று யாருக்கும் புரிவதில்லை.

சிலம்பு தெரிந்தவருக்கு மதுரையில் வேலை இருந்தது பொருத்தம்தான். அதில் ஆய்ச்சியர் குரவை என்ற வட்ட ஆட்டம் நடப்பது மதுரைக் கோட்டைக்கு வெளியே இடையர் சேரியில். மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு சுரத்தின் பெயரை வைக்கிறாள். கண்ணன் குரல், பலராமன் இளி, நப்பின்னை துத்தம். அவர்கள் பாடிய முல்லைத் தீம்பாணி என்ற பண்ணை இன்றைய மோகனம் என்று கொள்வோரில் ராமநாதனும் ஒருவர். காலையில் வாசித்த வர்ணத்துக்கு இந்த ஊரில் இத்தனை பழைய உறவா என்று பெண் கேட்டாள். உறவு உண்டு, ஆனால் பத்திரம் காட்ட முடியாது என்றேன்.

அறைக்கு வந்து சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டினேன். மாதவிக்கு ஏழு ஆண்டுப் பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம். அதற்குள் இளங்கோ ஆசிரியர்களின் தகுதியைப் பட்டியல் போடுகிறார். இசையாசிரியனுக்கு யாழ், குழல், தாளம், மிடறு என்ற குரலிசை, தண்ணுமை என்ற மத்தளம், ஆடல் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம். இன்று ஒரு கல்லூரி இப்படி விளம்பரம் கொடுத்தால் ஒரு விண்ணப்பமும் வராது. தண்ணுமை ஆசிரியனைப் பற்றிய வரி இது: ‘ஆக்கலும் அடக்கலும் மீத்திறம் படாமை’. மற்ற வாத்தியத்தில் குறை தெரியும் இடத்தில் நிரப்ப வேண்டும், நிறைவான இடத்தில் அடங்க வேண்டும், எதையும் மிஞ்சிவிடக் கூடாது. திருநகர் ஐயாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். “இதைத்தானே தாயி நான் முப்பது வருஷமாகக் கத்தினேன்” என்றார்.

சனி, மானாமதுரை

ராமேசுவரம் போகும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கடம் செய்யும் தெருவுக்கு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. மண்பாண்டம் செய்யும் வீடுகள் பல இருந்தாலும் கடம் செய்யும் கை சிலருக்குத்தான் வாய்க்கும். இந்த ஊரின் மீனாட்சி அம்மாள் கடம் செய்ததற்காகவே சங்கீத நாடக அகாடமி விருது வாங்கினார். வாசித்தவருக்கு இல்லை, செய்தவருக்கு.

நாங்கள் போன வீட்டில் ஒரு அம்மா பானையின் உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து, வெளியே மரத் தட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒரே கனம் வரும்வரை இந்தத் தட்டு ஓயாது, ஆயிரக்கணக்கில் போகும். வேறு வேறு கண்மாய் மண்ணைக் கலப்பது, காயவைப்பது, சூளை எல்லாம் சொன்னார். கனமான பானை, கணீரென்ற நாதம்: மானாமதுரைக் கடம் என்றால் அதுதான். விரல் வலிமை இல்லாதவர் கிட்டே வர முடியாது.

சுட்டு வைத்திருந்த ஒன்றைச் சுண்டிவிட்டு “இது அஞ்சு கட்டை” என்றார். பெண் போனில் ஒரு செயலியைத் திறந்து சரிபார்த்தாள்; அஞ்சு கட்டைச் சுருதிதான். அந்த அம்மாவுக்கு சங்கீதம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமியார் தட்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். ‘நீங்களும் ஒரு மிருதங்க வகுப்புக்குப் போய்ப் பேச வேண்டும்’ என்றேன். “போய் என்னம்மா பேசுவது? அவர்கள் இங்கே வரட்டும், மண் மிதிக்கட்டும்” என்றார்.

வேறு சொல்ல ஒன்றும் இல்லை. வைகையில் மணல்தான் ஓடியது. மத்தியானச் சாப்பாடு சுமார்.

ஞாயிறு, குடுமியான்மலை

மதுரையிலிருந்து புதுக்கோட்டை வழியாகப் போனோம். நெடுந்தூரம்தான். ஐயாவும் வருவதாகச் சொல்லிவிட்டதால் கார் பிடித்தோம். வழியெல்லாம் தொடையில் தாளம்.

சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றின் சரிவில், குடைவரைக்குப் பக்கத்தில், பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு. 1904இல் கல்வெட்டுத் துறை இதைப் பதிவு செய்தது. கிரந்த எழுத்தில் 38 வரிகள், ஏழு பகுதிகள், ஏழு ராகங்கள்: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். விறகுக்காரர் பாடிய சாதாரியும் இந்தச் சாதாரிதமும் ஒன்றுதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். செய்தவர் ருத்ராசாரியாரின் சீடரான ஒரு மன்னர். மகேந்திரவர்மப் பல்லவர் என்று வழிவழியாகச் சொல்லுகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். யாரோ ஒரு ராஜா, தன் பெயரைப் போடாமல் வாத்தியார் பெயரைப் போட்டிருக்கிறார். எனக்கு அதுவே போதும்.

எதற்காக வெட்டினார் என்பதும் கல்லிலேயே இருக்கிறது: மாணவர்களின் நன்மைக்காக. வெற்றிச் செய்தியும் இல்லை, நில தானமும் இல்லை. அசல் பாடத்திட்டம். சுரங்கள் நான்கு நான்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுரமும் ச, சி, சு, செ என்று உயிர் மாறி மாறி வருகிறது. சுருதி வேறுபாடு என்கிறார்கள் சிலர், தந்தியை மீட்டும் முறை என்கிறார்கள் வேறு சிலர். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நான் கையேட்டிலிருந்து படிக்கப் படிக்க நான்கு நான்காகத் தட்டிப் பார்த்தார்.

“இது கச்சேரிக்கு இல்லை தாயி. சாதகப் பயிற்சிக்கு. பையன் தூங்கிவிடாமல் இருக்க, ஒரே சுரத்தை நாலு விதமாகக் கொடுத்திருக்கிறார்.”

ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. நாள்தோறும் முப்பது பிள்ளைகளை வைத்து மேய்த்தவளாகச் சொல்கிறேன், எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

முடிவில் ஒரு தமிழ் வரி: ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’. எட்டு நரம்பு, ஏழு நரம்பு வாத்தியங்களுக்கு இவை பொருந்தும் என்று கொள்கிறார்கள். பெண் அதைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “என்னுடையது நாலு தந்திதானே ஐயா?” என்றாள். “பாதிக் கட்டணம் கட்டிச் சேர்ந்துகொள்” என்றார் அவர்.

காரில் திரும்பும்போது விஷயம் முடிவானது. அவளே பேசி முடித்துவிட்டாள், நானும் ஐயாவும் கேட்டுக்கொண்டு வந்தோம். பசுமலையில் மூன்று வருட இசைக்கலைமணி பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம். இடம் கிடைத்தால் விடுதி. சனி, ஞாயிறுகளில் திருநகரில் ஐயாவின் மகளிடம் பாடம். பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்காவிடம் இதை யார் சொல்வது என்பதில் மட்டும் மேலூர் தாண்டும்வரை பேச்சு நடந்தது. நான் சொல்வதாக ஆகியிருக்கிறது. நாளை காலை கல்லூரியில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஆரப்பாளையத்தில் சேலம் பஸ் ஏறுவதற்குள் போன் செய்துவிட வேண்டும்.